மூடியைத் திறந்ததும் பாதி செயலிகளுக்கு நெட் இல்லை

காலையில் லேப்டாப் மூடியைத் திறப்பேன். வைஃபை குறி முழுதாக இருக்கும். பிரவுசரில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் உடனே வரும். ஆனால் மின்னஞ்சல் செயலி, சர்வரை அடைய முடியவில்லை என்று நிற்கும். கோப்புகளை ஒத்திசைக்கும் செயலி ஆஃப்லைன் என்று காட்டும். சாட் செயலியின் நிலைமை இன்னும் மோசம். பச்சைப் புள்ளியோடு இணைப்பில் இருப்பதாகக் காட்டும், ஆனால் ஒரு செய்தியும் வந்து சேராது. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாமே சரியாகிவிடும்.

ஏறக்குறைய ஒரு மாதம் ரீஸ்டார்ட் செய்தே ஓட்டினேன். ஒருநாள் என்னோடு வேலை செய்பவர் போனில் கூப்பிட்டு, "காலையிலிருந்து அஞ்சு மெசேஜ் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்லையே" என்று வருத்தப்பட்டார். என் திரையில் அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்குத்தான் இதன் வேர் எங்கே என்று பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். வைஃபை டிரைவரைப் புதுப்பித்தேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டேன். விழித்தபின் வைஃபையே காணாமல் போகிறவர்களுக்கு இந்த டிக்தான் மருந்து. என்னுடைய வைஃபை காணாமல் போகவே இல்லை, அதனால் எனக்கு அது உதவவில்லை.

அப்புறம் நெட்வொர்க் ரீசெட். அடாப்டர்களையெல்லாம் நீக்கி மறுபடி நிறுவுகிற வேலை இது. சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளும் போய்விடும், அலுவலக நெட்வொர்க்கோடு தனி வழியில் இணைக்கும் விபிஎன் மென்பொருளையும் திரும்பப் போட வேண்டிவரலாம். செய்தேன். அடுத்த இரண்டு காலையும் மின்னஞ்சலும் ஒத்திசைவும் ஒழுங்காக வேலை செய்தன, சாட்டிலும் பச்சைப் புள்ளி இருந்தது. தீர்ந்தது என்றே நம்பினேன். மூன்றாம் நாள் பழைய கதை திரும்பியது. அந்த இரண்டு நாளும் லேப்டாப்பில் எது இல்லாமல் இருந்தது என்று அப்போதே யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

திருப்பம் வந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தால். லேப்டாப் எவ்வளவு நேரம் தூங்கியது, விழித்ததும் எந்தெந்தச் செயலி படுத்துக்கொண்டது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தேன். ஒரு வாரத்தில் படம் தெளிந்தது. பத்து, பதினைந்து நிமிடம் தூங்கினால் எதற்கும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் மூடி வைத்தால் சாட் மட்டும் ஊமையாகிறது. இரவு முழுக்க மூடியிருந்தால் மூன்றும் போகின்றன. ஒரே கோளாறாக இருந்தால் இப்படிப் பிரிந்து நடக்க வேண்டியதில்லை. இரண்டு வேறு கோளாறுகளை ஒன்று என்று நினைத்துத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை ரீஸ்டார்ட் செய்யாமல் கமாண்ட் விண்டோவைத் திறந்தேன். 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு, பதில் வருகிறதா என்று பார்க்க பிங் அடித்தேன். பதில் வந்தது. அதாவது லேப்டாப்பிலிருந்து வெளியுலகம் வரை பாதை திறந்துதான் இருக்கிறது. அடுத்து, ஒரு பெயருக்கான முகவரியைக் கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்கப் கட்டளையில் மின்னஞ்சல் சர்வரின் பெயரைக் கொடுத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று பிழை. அந்தப் பிழைக்கு மேலே, பெயரை யாரிடம் கேட்டது என்று ஒரு வரி இருந்தது. அங்கே என் ரௌட்டரின் முகவரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்ததோ 10 என்று தொடங்கும் ஒரு முகவரி. அதே பெயரை, இணையத்தில் எல்லாருக்கும் பதில் சொல்லும் 1.1.1.1 இடம் கேட்கச் சொல்லி அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். பதில் உடனே வந்தது.

அந்த 10-இல் தொடங்கும் முகவரி, அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கும் டிஎன்எஸ் சர்வர், அதாவது பெயர்களுக்கு முகவரி சொல்லும் சர்வர். விபிஎன் வழியாக மட்டுமே அதை எட்ட முடியும். மாலையில் விபிஎன்னைத் துண்டிக்காமல் மூடியை மூடுவது என் வழக்கம். இரவில் அந்த இணைப்பு காலாவதியாகிவிடும். ஆனால் விபிஎன் மென்பொருள் தான் மாற்றி வைத்த டிஎன்எஸ் அமைப்பைப் பழையபடி ஆக்காமல் விட்டிருந்தது. அதனால் செயலிகள் ஒவ்வொன்றும் பெயருக்கான முகவரியை, எட்டவே முடியாத ஒரு சர்வரிடம் கேட்டுக் காத்திருந்தன. குறைந்த நேரத் தூக்கத்தில் விபிஎன் உயிரோடு இருக்கும், அதனால் பிரச்சினை தெரியவில்லை. ரீசெட்டுக்குப் பின் இரண்டு நாள் நிம்மதியாக இருந்ததற்கும் இதுதான் காரணம். விபிஎன்னை நான் இரண்டாம் நாள்தான் திரும்ப நிறுவினேன்.

சரி, பிரவுசர் மட்டும் எப்படித் தப்பித்தது? எப்போதோ அதன் அமைப்பில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்பதை இயக்கி வைத்திருந்தேன். அது சிஸ்டத்தின் டிஎன்எஸ்ஸை நம்பாமல், எச்டிடிபிஎஸ் வழியாகத் தானே வெளியே கேட்டுக்கொள்ளும். விபிஎன்னும் அலுவலக முகவரிகளுக்கான போக்குவரத்தை மட்டும் தன் வழியில் எடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது, மற்றதெல்லாம் நேரே வெளியே போனது. பிரவுசர் வேலை செய்கிறதே, அப்படியானால் நெட்டில் குறை இல்லை, செயலிகளில்தான் குறை என்று இவ்வளவு நாள் நினைத்ததற்கு இதுதான் காரணம்.

டிஎன்எஸ் கேஷை அழிக்கும் ஃப்ளஷ் கட்டளையையும் முயன்றேன். பயனில்லை. நினைவில் இருக்கும் பழைய பதில்களை அது அழிக்கும். யாரிடம் கேட்க வேண்டும் என்ற அமைப்பை அது தொடாது. விபிஎன்னின் மெய்நிகர் அடாப்டரை ஒருமுறை டிஸேபிள் செய்தேன். மின்னஞ்சல் அந்த நொடியே வந்து கொட்டியது. விபிஎன் அமைப்புகளில் தேடியபோது, தூங்கப் போகும்போது துண்டித்துக்கொள் என்ற தேர்வு கிடைத்தது. அதை இயக்கினேன், பாதிப் பிரச்சினை அதோடு முடிந்தது.

மீதி இருந்தது சாட். இதற்கு டிஎன்எஸ்ஸோடு தொடர்பில்லை. இந்த மாதிரி செயலிகள் சர்வரோடு ஒரே டிசிபி இணைப்பை (இரு முனைகளுக்கிடையே தரவு போய்வரும் வழியை) திறந்து வைத்து, அதிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். லேப்டாப் தூங்கும்போது செயலி உறைந்துபோகிறது. அது அவ்வப்போது அனுப்பும் 'நான் இருக்கிறேன்' என்ற துடிப்பு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் சர்வர் கைகழுவிவிடும், ரௌட்டரும் தன் அட்டவணையிலிருந்து அந்த இணைப்பை நீக்கிவிடலாம். இணைப்பு முறிந்தது என்ற செய்தி தூங்கும் லேப்டாப்புக்கு வந்து சேரவில்லை என்றால், விழித்த செயலி இணைப்பு இன்னும் இருப்பதாகவே நம்பும். செயலி எதையும் அனுப்பாதவரை டிசிபி தானாக மறுமுனையைச் சோதித்துப் பார்க்காது. கீப்அலைவ் என்ற சோதனை உண்டு, ஆனால் செயலி அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டாலும் விண்டோஸிலும் லினக்ஸிலும் இயல்பான இடைவெளி 2 மணி நேரம். இரவு மூடும் முன்பும் காலையில் திறந்த பின்பும், திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் பார்த்தேன். சாட்டின் இணைப்பு அதே போர்ட் எண்ணில், எஸ்டாப்ளிஷ்ட், அதாவது இணைப்பில் இருக்கிறது என்ற நிலையிலேயே இருந்தது. செத்த இணைப்பைத்தான் அது பிடித்துக்கொண்டிருந்தது.

இதற்குச் சரியான தீர்வு செயலியைச் செய்தவர்கள் கையில் இருக்கிறது. விழித்ததும் பழைய இணைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். நெட்ஸ்டாட் படங்களோடு அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அதுவரைக்கும், வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணி அமைத்தேன்: லேப்டாப் விழித்ததும் சாட் செயலியை முழுதாக மூடித் திறப்பது. இதில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தேன். விழிப்பதைக் குறிக்க, விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் பவர்-ட்ரபிள்ஷூட்டர் எழுதும் 1-ஆம் எண் நிகழ்வைப் பலரும் சொல்வார்கள். என் லேப்டாப்பில் பணி ஒழுங்காக ஓடவில்லை. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பார்த்தபோது, பழைய எஸ்3 தூக்கம் இதில் இல்லை, எஸ்0 எனப்படும் நவீன வகைதான் என்று தெரிந்தது. அந்த வகைக்கு கெர்னல்-பவரின் 507-ஆம் எண் நிகழ்வு பொருந்தியது. தூங்கப் போகும்போது 506, வெளியே வரும்போது 507. இரண்டாவது, மேசையில் ஓடிய பணி வெளியே எடுத்துப்போனால் ஓடவில்லை. சார்ஜரில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக் அங்கே இயல்பாகவே போட்டிருக்கும், அதை எடுக்க வேண்டும். வைஃபை முழுதாகத் தயாராவதற்கு 30 விநாடி தாமதமும் வைத்தேன்.

போன வாரம் நண்பர் ஒருவர் தன் லேப்டாப்பிலும் இதே கோளாறு என்றார். முதலில் பிங் அடிக்கச் சொன்னேன். அங்கே பிங்கே போகவில்லை. ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்கியது. ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. அவருக்கு டிஎன்எஸ், விபிஎன் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. எனக்கு உதவாத அந்த அடாப்டர் டிக்கை எடுத்து, முகவரியை ஒருமுறை ரினியூ செய்தோம். அவருடைய லேப்டாப்பில் அதன்பின் அந்தப் பிரச்சினை வரவில்லை.