முந்திரி விலை ஏன் தானாக இறங்கியது?

திருப்பாதிரிப்புலியூரில் மாமா வைத்திருக்கும் முந்திரிக் கடைக்கு ஜாவா என்னும் கணினி மொழியில் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஓட விட்ட அன்றே மதியம் போன் வந்தது. "ஏம்மா, 320 நம்பர் பருப்பு கிலோ 800 ரூபாய்னு போட்டு வெச்சேன். இப்போ 722 காட்டுது. யாரு மாத்தினா?"

யாரும் மாற்றவில்லை. வழக்கமாக வாங்குபவர்களுக்கு 5 சதவீதம் தள்ளுபடி தர ஒரு மெத்தட், அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் புரோகிராம் துண்டு, எழுதியிருந்தேன். ஒரு சரக்கின் விலை முதலான விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்தான் அதற்கு நாம் அனுப்பும் ஆர்க்யுமென்ட். மெத்தட் அந்த ஆப்ஜெக்டின் விலையையே குறைத்துவிட்டது. முதல் ஆளுக்கு 760, சரி. இடையில் சில்லறைக்கு வந்தவருக்கும் 760. அடுத்த வாடிக்கைக்காரருக்கு அதிலும் 5 சதவீதம் போய் 722.

ஜாவாவில் மெத்தடுக்கு எதை அனுப்பினாலும் நகல்தான் போகும். எண் என்றால் எண்ணின் நகல். ஆனால் ஆப்ஜெக்ட் நம் வேரியபிளுக்குள், அதாவது மதிப்பை வைக்க நாம் பெயரிட்ட இடத்துக்குள், இருப்பதில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ்தான் இருக்கிறது. நகலாவதும் அந்த ரெஃபரன்ஸ் மட்டுமே. மஞ்சக்குப்பத்து வீட்டு விலாசத்தை இன்னொரு சீட்டில் பார்த்தெழுதி பெயிண்டரிடம் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அவர் நீலம் அடித்தால் நம் வீடுதான் நீலமாகும். அவரே தன் சீட்டில் அந்த விலாசத்தை அடித்துவிட்டு தேவனாம்பட்டினத்து விலாசம் ஒன்றை எழுதிக்கொண்டால், நம் சீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த இரண்டாம் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 'ஜாவாவில் ஆப்ஜெக்ட் எல்லாம் பாஸ் பை ரெஃபரன்ஸ்', அதாவது நகல் இல்லாமல் நம் வேரியபிளே உள்ளே போகிறது என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அது தவறு. இரண்டு ஆப்ஜெக்டை ஒரு மெத்தடுக்கு அனுப்பி, உள்ளே வேரியபிள்களை இடம் மாற்றிப் பாருங்கள். வெளியே இரண்டும் பழையபடியே இருக்கும். சி பிளஸ் பிளஸ் மொழியில் ஆம்பர்சண்ட் (&) குறி போட்டு வாங்கினால் நிஜமாகவே மாறிவிடும். பைத்தான் மொழி இதில் ஜாவாவின் பக்கம். 1970-களில் சிஎல்யூ மொழியை வடிவமைத்த பார்பரா லிஸ்கோவ் இந்த முறையை 'கால் பை ஷேரிங்' என்றார். எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம் மெத்தடை மாற்றினேன். இப்போது அது சரக்கைத் தொடுவதே இல்லை. விலையை எண்ணாக வாங்கிக்கொண்டு, தள்ளுபடி போக மீதியைத் திருப்பித் தருகிறது. விலையை மாற்றும் வழியை மாமா விலை போடும் திரைக்கு மட்டும் விட்டிருக்கிறேன். 722-க்கு வாங்கிப் போனவரிடம் கிலோவுக்கு 38 ரூபாய் பாக்கி. மாமா அதைக் கேட்கவில்லை.