மூளையில் படிந்த இரும்பை எடுத்துவிட்டால் மறதி நின்றுவிடுமா?

வயதானவர்களின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "மூளையின் ஆழ்பகுதியில் இரும்புப் படிவு" என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், வீட்டில் கலக்கம் தொற்றிக்கொள்கிறது. ரத்தசோகைக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரும்பு மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி நிறுத்தாதீர்கள். அந்தப் படிவுக்கும் மாத்திரைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

மூளையில் இரும்பு சேர்வது வயதோடு வருவதுதான். ஹால்கிரென், சூராண்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1958இல் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பிறக்கும்போது மிகக் குறைவு. இருபதுகளின் இறுதிவரை வேகமாக ஏறும். பிறகு மூளையின் ஆழத்தில் உள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் 100 கிராம் திசுவுக்குச் சுமார் 21 மில்லிகிராம் என்ற அளவில் கிட்டத்தட்ட நின்றுவிடும். பக்கத்திலிருக்கும் பியூட்டாமெனில் ஐம்பது, அறுபது வயதுவரை ஏறிக்கொண்டே போகும். ஆகவே அறுபது வயதுக்காரரின் ஸ்கேனில் அங்கே இரும்பின் கருமை தெரிவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

இரும்பு எந்த வடிவத்தில், எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் புரதக்கூடு ஒன்றுக்குள் ஏறக்குறைய 4,500 இரும்பு அணுக்கள் பத்திரமாக அடங்கும். அடங்காமல் வெளியே திரிவது ஆபத்து. பார்க்கின்சன் நோயில் அழியும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற மூளைப் பகுதியின் செல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளை அது தயாரிக்க டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதிக்கு இரும்பு வேண்டும். அதே டோபமைன் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. கட்டுப்படாத இரும்பு அதைச் சந்தித்தால் எதையும் தாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற துகள் பிறக்கிறது. இதுதான் ஃபென்டன் வினை. அந்த ரேடிக்கல் செல்சவ்வின் கொழுப்பை அரிக்கிறது. அரிப்பைச் சரிசெய்ய செல்லின் பாதுகாப்புப் பொருளான குளூட்டாதயோனும் அதைச் சார்ந்த நொதியும் போதாதபோது செல் சாகிறது. இந்த வகைச் சாவுக்கு 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியென்றால் இரும்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் சரியாகிவிட வேண்டும் அல்லவா? இந்த எதிர்பார்ப்பை டெஃபெரிப்ரோன் என்ற மருந்தை வைத்து முறையாகச் சோதித்தார்கள். இது மூளைக்குள் நுழைந்து இரும்பைப் பிடிக்கக்கூடியது. பார்க்கின்சன் புதிதாகக் கண்டறியப்பட்டு, அந்நோயின் முக்கிய மருந்தான லெவோடோபாவைத் தொடங்காத 372 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், தினம் இருவேளை, 36 வாரம். எம்.ஆர்.ஐ.யில் இரும்பு குறைந்தது உண்மை. ஆனால் நோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண் மருந்து எடுத்தவர்களுக்கு 15.6 புள்ளி மோசமானது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 6.3 புள்ளிதான். அறிகுறி முற்றியதால் இடையிலேயே டோபமைன் மருந்து தொடங்க வேண்டியவர்கள் முதல் அணியில் 22 சதவீதம், இரண்டாவதில் 2.7 சதவீதம். டோபமைன் தயாரிக்கும் நொதிக்கு வேண்டிய இரும்பும் சேர்ந்து பறிபோயிருக்கும் என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம்.

அல்சைமரிலும் இதே கதைதான். ஆரம்பக் கட்டத்தில் இருந்த 81 பேரை வைத்து, அதே அளவு மருந்தை 12 மாதம் கொடுத்த ஆய்வு 2024இல் வெளியானது. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இரும்பு குறைந்தது. அறிவாற்றலோ போலி மாத்திரை அணியைவிட வேகமாகச் சரிந்தது. போதாக்குறைக்கு, ரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடிய மருந்து இது. "மூளை இரும்பை வெளியேற்றும்" என்று யாராவது எதையாவது விற்றால் வாங்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனையை வைத்தும் மூளையின் இரும்பை ஊகிக்க முடியாது. நியூரோஃபெரிட்டினோபதி என்ற மரபணு நோயில் மூளையில் இரும்பு படிந்திருக்கும், பலருக்கு ரத்த ஃபெரிட்டின் குறைவாகவே காட்டும். மறுபக்கம், உடலில் அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறிவிடும், அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்துப் பாருங்கள். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவு 45 சதவீதத்தைத் தாண்டினால், பரம்பரை இரும்பு மிகை நோய் இருக்கிறதா என்று மருத்துவர் தேட வேண்டும்.

ஸ்கேனிலும் ஒரு குழப்பம் உண்டு. எஸ்.டபிள்யூ.ஐ. என்ற சாதாரண எம்.ஆர்.ஐ. வகைப் படத்தில் இரும்பும் கருப்பு, கால்சியமும் கருப்பு. கியூ.எஸ்.எம். என்ற இன்னொரு எம்.ஆர்.ஐ. முறையில் இரண்டும் எதிரெதிர் குறியோடு தெரியும். அந்த வசதி இல்லாத இடத்தில் சி.டி. போதும், கால்சியம் அதில் வெள்ளையாகத் தெரியும்.

பார்க்கின்சனோடு ரத்தசோகையும் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. லெவோடோபாவும் இரும்பு மாத்திரையும் குடலில் சந்தித்தால் ஒட்டிக்கொள்ளும். லெவோடோபா சரியாக உறிஞ்சப்படாது, கை நடுக்கமும் இறுக்கமும் காரணமில்லாமல் கூடியதுபோலத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். நாள் முழுக்க லெவோடோபா எடுப்பவருக்கு இரவின் கடைசி வேளை முடிந்து 2 மணி நேரம் கழித்து இரும்பைக் கொடுப்பது எளிது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்: ஒரு வேளை இரும்பு சாப்பிட்டதும், இரும்பு உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய 24 மணி நேரம் அடுத்த வேளையின் உறிஞ்சலைத் தடுக்கிறது.