புளியந்தடியில் முதல் அறுப்பு

சாலை ஏலத்தில் வரும் பழைய புளியந்தடியை வாங்கும்போது அளவுக் கணக்கு ஸ்லாப், அதாவது பட்டை ஓரம் வெட்டாத அகலப் பலகை, எடுப்பவருக்குச் சாதகம். மரக்கடையில் இன்னும் கால்சுற்றளவுக் கணக்குதான். சுற்றளவை இஞ்சில் எடுத்து நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தின் அடியாலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 120 இஞ்சு சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் 62.5 கன அடி. மரத்தின் உண்மையான கொள்ளளவு 79 கன அடிக்கு மேல். சதுரச் சட்டம் அறுப்பவருக்கு அந்த மிச்சம் ஓரத்துண்டாகக் கழிந்துவிடும். பட்டை ஓரத்தோடு ஸ்லாப் எடுப்பவருக்கு அதுதான் மேஜையின் விளிம்பு. நடுவில் பொந்து இருந்தால் இந்த லாபமெல்லாம் அதிலேயே போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் நீளக் குச்சியால் தட்டிப் பார்ப்பது நல்லது. பாம்பும் இருக்கும், யாரோ அடைத்த சிமென்ட்டும் இருக்கும்.

அந்தத் தடி பச்சையாக இரண்டு டன்னுக்கு மேல் நிற்கும். பெரும்பாலான மில்களின் பேண்ட்சாவில் (பட்டை ரம்பத்தில்) 38 இஞ்சு குறுக்களவு நுழையாது. அதனால் மரம் கிடக்கும் இடத்திலேயே செயின்சாவைச் சட்டத்தில் மாட்டி அறுக்கிறோம். தடியைக் குறுக்குக்கட்டைகள் மேல் ஓரடி தூக்கி, அறுத்துப் போகும் திசையில் சற்றே சரிவாக வைத்தால் மிஷினின் எடையே அதைத் தள்ளும். இல்லாவிட்டால் அந்த வேலையை இடுப்பு செய்யும்.

சாலைப் புளியில் முதல் எதிரி ஆணி. விளம்பரத் தகடு, கொடிக்கம்பி, சீரியல் லைட் என்று ஐம்பது வருஷத்து இரும்பு உள்ளே இருக்கும். மரம் நுனியில்தான் உயரம் கூடுகிறது, அடிமரம் பருத்துக்கொண்டே போகிறது. ஆகவே ஆள் உயரத்தில் அடித்த ஆணி இன்றும் அதே உயரத்தில், பல இஞ்சு ஆழத்தில் புதைந்திருக்கும். அடியிலிருந்து எட்டடி வரை சந்தேகப் பகுதி. வெட்டுமுகத்தில் கருநீலத் தீற்றல் தெரிந்தால் அந்த வரியில் எங்கோ இரும்பு உண்டு. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கலந்து விட்ட கறை அது. கையடக்க மெட்டல் டிடெக்டர் சில இஞ்சு ஆழம்தான் பார்க்கும் என்பதால் ஒவ்வொரு பலகை எடுத்த பிறகும் புது முகத்தில் மறுபடி ஓட்ட வேண்டும். இதற்குச் சோம்பல் பட்டு ஒரு செயினின் பற்களை மொத்தமாக இழப்பது எல்லா அணியிலும் ஒருமுறையாவது நடக்கிறது.

அடுத்து வெட்டுமுகத்தைப் படிப்பது. மையத்திலிருந்து ஓடும் பெரிய வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ, அதற்கு இணையாகப் பலகை விழும்படி தடியை உருட்டி வைக்க வேண்டும். அப்போது வெடிப்பு மையப்பலகை ஒன்றோடு போய்விடும். குறுக்காக வைத்தால் நடுப்பகுதிப் பலகைகள் எல்லாவற்றிலும் ஒரு கீறல். கவையுள்ள தடியில் இரண்டு கிளைகளின் மையங்களும் ஒரே தளத்தில் வரும்படி மட்டம் வைத்தால்தான் தீநாக்கு மாதிரி விரியும் ரேகை கிடைக்கும். இரண்டு இஞ்சு தவறினால் வெறும் முடிச்சுதான். சாய்ந்து வளர்ந்த மரத்தையும் கிளைத்தடியையும் நான் ஸ்லாப்புக்கு எடுக்கவே சொல்லமாட்டேன். அறுத்து முடிக்கும்போதே பலகை வில்லாகும்.

முதல் அறுப்புக்குத் தடியின் மேல் நேரான அலுமினியச் சட்டம் இரண்டைப் பொருத்துகிறோம். இரு முனையிலும் ரசமட்டம் ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஒரு முனை இரண்டு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்) சரிந்தாலும் அந்த முறுக்கு முதல் முகத்தில் பதியும். அடுத்த அறுப்பு அந்த முகத்தின் மேல்தான் ஓடும் என்பதால், அதே முறுக்கு கடைசிப் பலகை வரை நகலாகும். இன்னொன்று, சட்டத்தைப் பிடிக்கும் திருகின் நீளம். திருகு மரத்துக்குள் 2 இஞ்சு இறங்கினால் செயின் 3 இஞ்சுக்குக் கீழே ஓட வேண்டும். ஆணிக்குப் பயந்து டிடெக்டர் ஓட்டிவிட்டு, தான் இறக்கிய திருகையே அறுப்பவர்களும் உண்டு.

மரத்தின் நீளவாக்கில் அறுக்க, கடையில் வரும் செயின் அப்படியே உதவாது. பல்லின் மேல்முனைச் சாய்வு வழக்கமாக 30 டிகிரி. பலகைக்கு அதை 10 டிகிரிக்கு அரம் போட்டுத் தீட்ட வேண்டும். இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே நீளம் இல்லையென்றால் அறுப்பு ஒரு பக்கம் இழுத்து, பலகை அலையலையாக வரும். ரவை மாதிரி விழுந்த தூள் மைதா மாதிரி விழ ஆரம்பித்தால் நிறுத்தித் தீட்டுங்கள். புகை வரும் வரை காத்திருந்தால் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் தகடு, சூட்டில் நீலம் பாயும். எஞ்சின் 90 சிசிக்குக் குறைந்தால் இந்த அகலத்தில் திணறும். அறுப்பு முடிந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டால் சூடு இறங்கும். ஏறக்குறைய இரண்டடிக்கு ஒரு ஆப்பு வைத்துக்கொண்டே போக வேண்டும், மேல்பலகை அமுங்கினால் பார் மாட்டிக்கொள்ளும்.

செயின் தின்னும் பாதை மூன்று நூல். பத்துப் பலகைக்கு நடுவே ஒன்பது அறுப்பு, 27 நூல். அதாவது ஒரு முழுப் பலகையின் கனத்துக்கும் மேலே தூளாகப் போகிறது. இதைப் பார்த்துக் கனத்தைக் குறைப்பது தப்பான சிக்கனம். 2 இஞ்சு மேஜைக்கு இரண்டரை இஞ்சு அறுக்க வேண்டும். மூன்றடி அகலப் பலகை காய்ந்து இரண்டு நூல் குழிந்தால், மட்டம் பிடிக்க மேலும் கீழுமாக நான்கு நூல் இழைத்தாக வேண்டும். தூங்குமூஞ்சி மரம் இந்த விஷயத்தில் சாது. சுருக்கம் குறைவு, முறுக்கமும் அதிகம் இல்லை. புளிக்கு அந்தத் தயவு கிடையாது. நடுவில் கருஞ்சிவப்பு வைரம் (முற்றிய உள்மரம்) கல் மாதிரி இருக்கும், சுற்றியுள்ள வெள்ளை மரத்தில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு தேடி வரும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை ஈரம் இருக்கும்போதே இரண்டு முகத்திலும் அடிக்க வேண்டும். ஈரத்தின் வழியாகத்தான் அது உள்ளே இறங்கும், காய்ந்த பிறகு அடித்தால் மேலோடு நின்றுவிடும்.

அறுத்த அன்றே இரு முனைகளுக்கும் பழைய பெயிண்ட் இரண்டு கோட்டு. முனை வழியாக ஈரம் மிக வேகமாக ஓடுவதால்தான் வெடிப்பு அங்கே தொடங்குகிறது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நிழலில், பலகைக்குப் பலகை ஒரு இஞ்சுக் காய்ந்த ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்க வேண்டும். ரீப்பர்கள் ஒன்றரை அடி இடைவெளியில், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். விலகினால் ஈரப்பலகை அந்த இடத்தில் தொய்ந்து, தொய்ந்தபடியே காயும். தார்ப்பாய் போட்டு மூடினால் பூசணம். கத்திரி வெயிலிலும் ஆடிக்காற்றிலும் முதல் சில வாரம் சாக்குப் படுதா கட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐப்பசி மழையில் அதே படுதாவை அவிழ்த்துக் காற்று விட வேண்டும்.

இஞ்சுக்கு ஒரு வருஷம் என்பது பொதுக்கணக்கு. ஊசி மீட்டர் மேல்தோலின் ஈரத்தைத்தான் சொல்லும். பச்சையில் 180 கிலோ வரும் பலகையை மாதாமாதம் தராசில் ஏற்றவும் முடியாது. அதே தடியில் அதே கனத்தில் ஒன்றரை அடித் துண்டு ஒன்றை அறுத்து, முனைகளுக்குப் பெயிண்ட் அடித்து, அடுக்கின் நடுவில் செருகி வையுங்கள். மாதம் ஒருமுறை உருவி எடைபோட்டு, தேதியோடு அதன் மேலேயே சாக்பீஸால் எழுதுங்கள். மூன்று மாதம் எடை மாறாமல் நின்றால் இழைப்புக்கு எடுக்கலாம். அந்த மூன்று மாதம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியாக மட்டும் இருக்கக்கூடாது.