3,500 டொலர் வரம்பும் பழைய மருத்துவக் கோப்பும்

ஒன்ராறியோவில் கார் விபத்தில் காயப்பட்டவர்கள், அதிலும் முன்பே முதுகுநோவு இருந்தவர்கள், இதை வாசித்துவிட்டு உங்கள் பழைய மருத்துவக் கோப்பைத் தேடி எடுத்து வையுங்கள். எனக்கு நேற்றுத்தான் சிகிச்சை அனுமதிக் கடிதம் வந்தது. அந்தக் கோப்பு கிடைத்திருக்காவிட்டால் வந்திராது.

பின்னால் வந்த கார்தான் இடித்தது. பிழை யாருடையதானாலும் சிகிச்சைச் செலவுக்கு நம்முடைய காப்புறுதியிடம்தானே போக வேண்டும். ஏழு நாளுக்குள் அறிவித்து, நிவாரணப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் ஓசிஎஃப்-1 படிவத்தையும் காலத்தோடு கொடுத்தேன். வருமான இழப்புப் பணமும் ஒழுங்காக வந்தது.

சிக்கல் பிசியோவில் தொடங்கியது. காப்புறுதிக்காரர்கள் என் காயத்தைச் 'சிறு காயம்' என்று வகைப்படுத்தினார்கள். அந்த வகைக்கு மொத்தமே 3,500 டொலர். 2010இல் வைத்த வரம்பு, இன்றுவரை ஒரு டொலர்கூட ஏறவில்லை. அது முடிந்ததும் கிளினிக், மேற்கொண்டு சிகிச்சைக்கு அனுமதி கேட்கும் ஓசிஎஃப்-18 படிவத்தை அனுப்பியது. மறுத்துவிட்டார்கள்.

எனக்குப் பல வருடங்களாக இடுப்பு டிஸ்க் பிரச்சினை உண்டு. அப்படி முன்பே இருந்த நோய், 3,500 டொலருக்குள் முழுதாகக் குணமாக விடாது என்று காட்டினால் வரம்பிலிருந்து வெளியே வரலாம். ஆனால் அந்த நோய் விபத்துக்கு முன்பே ஒரு வைத்தியரின் குறிப்பில் பதிவாகியிருக்க வேண்டும். இப்போதைய வைத்தியர் எழுதித் தரும் கடிதம் மட்டும் போதாது.

வேலைக்கு விடுப்புப் போட்டுப் பழைய கிளினிக்குக்குப் போனேன். "அண்ணா, டொக்டர் ரிட்டையராகிட்டார். கோப்பெல்லாம் வேறொரு கம்பெனிக்குப் போயிட்டுது" என்றார் வரவேற்பில் இருந்த பிள்ளை. அந்தக் கம்பெனிக்குப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, கட்டணம் எல்லாம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். கடைசியில் ஸ்கான் அறிக்கையோடு கோப்பு வந்தபோது கண் கலங்கிவிட்டது.

அதை அஜஸ்டருக்கு, அதாவது என் கோரிக்கையைக் கவனிக்கும் காப்புறுதி அலுவலருக்கு, அனுப்பினால், அவர் மாறிவிட்டார். புதியவருக்கு எதுவும் கிடைக்கவில்லையாம். அதனால் எதையும் தொலைபேசியில் மட்டும் பேசி விடாதீர்கள், மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். ஓசிஎஃப்-18 அவர்கள் கைக்குப் போன தேதியையும் குறித்து வையுங்கள். பத்து வேலை நாளுக்குள் காரணத்தோடு பதில் தராவிட்டால், 'சிறு காயம்' என்று சொல்லும் உரிமையை அவர்கள் அந்தப் படிவத்தில் இழக்கிறார்கள். பதில் தரும்வரை பதினோராவது வேலை நாளிலிருந்து நடக்கும் சிகிச்சைக்கும் பணம் தர வேண்டும். இதை எனக்குச் சொன்னது பிசியோக்காரர்தான். இரண்டாவது ஓசிஎஃப்-18இல் பழைய டிஸ்க் ஏன் குணமாவதைத் தடுக்கிறது என்று விளக்கி எழுதியதும் அவர்தான். அந்த விளக்கம் இல்லாமல் கோப்பு மட்டும் போயிருந்தால் பிரயோசனமில்லை. பிறகு காப்புறுதிக்காரர்கள் ஸ்காபரோவிலிருந்து மிசிசாகா வரை பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முதுகுநோவோடு 401 நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம்! ஆனாலும் போங்கள், போகாவிட்டால் அதையே காரணம் காட்டிப் பணத்தை நிறுத்தலாம்.

செலவைக் குறைக்கத்தான் இப்படி வரம்பு வைக்கும் காப்புறுதிச் சீர்திருத்தங்கள் என்கிறார்கள். 2013இல் கார் காப்புறுதிக் கட்டணம் இரண்டு வருடத்தில் சராசரி 15% குறையும் என்று அரசு சொன்னது. அந்த இலக்கை எட்டவில்லை. ஆனால் 2016இல், 'சிறு காயம்' அல்லாத, மிகப் பாரதூரமும் அல்லாத காயங்களுக்கு, சிகிச்சைக்கு 50,000, பராமரிப்புக்கு 36,000 என்று தனித்தனியே இருந்ததை ஒன்றாக்கி 65,000 டொலராகக் குறைத்தார்கள். குறைந்தது காயப்பட்டவரின் பங்குதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2026 ஜூலை 1 முதல் வருமான இழப்புப் பணமும் கட்டாயமில்லை, விரும்பினால் வாங்கலாம் என்றாகிறது. எனக்கு வாரம் அதிகபட்சமாகக் கிடைத்த 400 டொலர்தான் வாடகையைக் காப்பாற்றியது. அதை நீக்கினால் கட்டணம் குறையும் என்று தரகர் சொன்னால், வேலையிடத்தில் நோய்க்கால ஊதியம் உண்டா என்று முதலில் பாருங்கள். எங்கள் பண்டகசாலையில் இல்லை. அதனால் அதை நீக்கவே வேண்டாம் என்று தரகருக்கு எழுத்தில் அனுப்பிவிட்டேன்.