கடைசி 20 நிமிடம்

2011 ஜனவரி 5, பஃபலோ. உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியை நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். ஊர் அமெரிக்காவில்தான், ஆனால் எல்லை தாண்டி வந்த கனடா ரசிகர்களால் அரங்கமே சிவப்பு. மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டு முடிந்தபோது கனடா 3, ரஷ்யா 0.

அப்புறம் நடந்ததை எத்தனை தடவை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ரஷ்யாவின் பனாரின் ஒரு கோல் போட்டார். அடுத்த 13 விநாடியில் கிட்சின் இன்னொன்று. அடிபட்டிருந்த கேப்டன் தராசென்கோ திரும்பி வந்து சமன் செய்தார். கடைசியில் 5-3, ரஷ்யாவுக்குத் தங்கம்!

எல்லாரும் இருபதைத் தாண்டாத பையன்கள். எதிரில் நிற்பது ஐஸ் ஹாக்கியில் பரம எதிரியான கனடா என்பதே ரஷ்யப் பையன்களை அப்படி ஓட வைத்தது என்றுதான் நான் நம்புகிறேன். ஆனாலும் தோற்று நின்ற கனடா பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை.