மொழி: தமிழ்

நாங்கள் இந்தியாவில் தத்தெடுக்கப்போகும் பிள்ளையைப் பற்றிய ஆய்வறிக்கை வந்தபோது நானும் கணவரும் ரொறன்ரோ வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தோம். உயரம், எடை, போட்ட தடுப்பூசிகள், விரும்பிச் சாப்பிடுவது என்ன. நடுவில் ஒரு வரி: மொழி, தமிழ். கணவர் அந்த வரியை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். வேறு மாநிலத்துப் பிள்ளையாக இருந்தால் நாங்கள் ஒரு மொழி படிக்க வேண்டியிருக்கும். அந்தக் கவலை இல்லை என்று அன்றிரவு நிம்மதியாகப் படுத்தோம்.

சென்னைக்கு வந்து, குழந்தைகள் இல்லத்தில் அவளை முதன்முதலாகப் பார்த்த அன்று, அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நாலு வயது. நான் குனிந்து, "வாங்கோ பிள்ளை, கதிரையில இருங்கோ. தண்ணி விடாய்க்குதோ?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஆயாவைப் பார்த்தாள்.

"அக்கா, கதிரைன்னா இன்னா?" என்றார் ஆயா.

நாற்காலி என்றேன். உடனே அவர் பிள்ளையிடம், "சேர்ல உக்காருவியாம். தாகமா இருக்கான்னு கேக்கறாங்க" என்று சொன்னார். பிள்ளை வந்து உட்கார்ந்தாள். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அன்று மாலை அறைக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அழுதுவிட்டேன். ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போதுதான், "கேரளாவாம்மா?" என்றார். நான் யாழ்ப்பாணம். ஆனால் இந்த ஊரில் வாயைத் திறந்தால் முதலில் வரும் கேள்வி அதுதான்.

அவளுடைய பெயரையும் படத்தையும் இங்கே போட மாட்டேன், இல்லத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் போட்டிருக்க மாட்டேன். மற்றபடி எங்கள் கதை இதுதான்: தடையில்லாச் சான்று வந்துவிட்டது. தத்தெடுப்பு ஆணைக்காகக் காத்திருக்கிறோம். முன்பு இது நீதிமன்றத்தின் வேலை. 2022 செப்டம்பரில் இருந்து மாவட்ட ஆட்சியர்தான் ஆணை கொடுக்கிறார். மனு போட்டு இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அப்புறம் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தின்படி ஒரு இணக்கச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கனடாவுக்கான தாள்கள். ஆணை வரும்வரை பிள்ளையை எங்களோடு வைத்திருக்கவும் வழி இருக்கிறது. ஆனால் இல்லத்தின் ஆலோசகர், "அவசரப்படாதீங்க. முதல்ல தினமும் ஒரு மணி நேரம் வந்து பழகுங்க" என்றார். அது சரியென்றே பட்டது. கணவருக்கு விடுமுறை முடிந்து அவர் திரும்பிப் போய்விட்டார். மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் நான் தனியாக இருக்கிறேன்.

வளசரவாக்கத்தில் எங்கள் ஆட்கள் நிறைய. அங்கே வந்து இரு, சம்பலும் இடியப்பமும் கிடைக்கும், தனிமையும் தெரியாது என்று சித்தி தினமும் தொலைபேசியில் சொல்கிறார். போகவில்லை. ஒன்டாரியோவில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது: தத்துப் போகும் பிள்ளைக்கு ஒரே நாளில் படுக்கை, மணம், குரல், சாப்பாடு எல்லாம் மாறிவிடும். அத்தனையும் மாறப்போகிற பிள்ளையைச் சொற்களையும் மாற்றிக்கொள் என்று எப்படிச் சொல்வது? விமானம் ஏறும் முன்னால் அவளுடைய தமிழுக்கு நான் போய்விட வேண்டும். என் தமிழுக்கு அவள் மெதுவாக வரட்டும்.

அதனால் ஊர் சுற்றுகிறேன். மாலை நாலு மணிவரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கோட்டூர்புரம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். அக்னி நட்சத்திர வெயிலுக்கு அந்தக் குளிர்ச்சி பெரிய உதவி. ஆனால் நான் போவது சிறுவர் பகுதிக்கு. அங்கே நடுவில் செயற்கையாக ஒரு மரம் நிற்கிறது. அதன் அடியில் படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, காதை மட்டும் தாய்மார் பக்கம் வைத்திருப்பேன். "ஓடாத, விழுந்துடுவ." "சமத்தா உக்காரு." "போதுமா, இன்னும் வேணுமா?" நாங்கள் "ஓடாதை, விழப்போறாய்" என்போம். பொருள் ஒன்றுதான், ராகம் வேறு. நாலு வயதுப் பிள்ளைக்கு ராகம்தான் முதலில் விளங்கும். இல்லை, புரியும். இப்படித்தான் எழுதும்போதும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பேருந்திலும் அப்படியே. இங்கே சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசில்லை. நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் தருவார், அவ்வளவுதான். பெசன்ட் நகருக்கு 29சி-யில் ஏறி, பிள்ளைகளோடு வரும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சாப்பாட்டுக்கு மம்மு, வெளியே போவதற்கு டாட்டா. குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். தெற்கு மாட வீதியில் போஞ்சி கேட்டேன், கடைக்காரருக்குத் தெரியவில்லை, பீன்ஸ் என்று கற்றுக்கொண்டேன். மருந்துக் கடையில் குளிசை மாத்திரையாயிற்று. நுங்கு மட்டும் நுங்காகவே இருந்தது. சாலையோரம் பனங்காய் சீவிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன், ஒரு தயக்கமும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று மூன்று சாப்பிட்டேன்.

ஒருநாள் சேப்பாக்கம் பக்கம் நடந்தபோது பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையைப் பார்த்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவார். இன்றைக்கு எனக்கு வேறொன்று தோன்றியது. அவர்களும் இங்கே ஏதோ ஒரு கடையில் நின்று, கடைக்காரருக்கு விளங்காத சொல்லைச் சொல்லிவிட்டுக் கையைக் காட்டியிருப்பார்கள்.

ஆனால் ஒரு சொல்லை நூலகத்திலும் பேருந்திலும் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, நான் புறப்பட எழும்புகிற நேரம் அவள், "டிங்டிங் வந்துச்சா?" என்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மணி வைத்த விளையாட்டுச் சாமான் ஏதோ தொலைந்திருக்கிறது என்று நினைத்து, பாண்டி பஜாரில் தேடி, தட்டினால் ஒலிக்கும் ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். "இது இல்ல" என்று என் மடியில் திரும்ப வைத்தாள்.

அன்று ஆயா விடுப்பு. அடுத்த நாள் வந்ததும் கேட்டேன். சோன்பப்டி வண்டியாம். இரவு எட்டு மணி வாக்கில் மதிலுக்கு வெளியே மணி அடித்துக்கொண்டு போகும். "அந்த சத்தம் கேட்டாத்தான் இது தூங்கும் அக்கா. டிங்டிங் வந்துச்சான்னா, தூங்கற நேரமான்னு அர்த்தம்."

நான் கிளம்புகிற நேரத்தில்தான் அவள் கேட்டிருக்கிறாள். நான் போனால் அடுத்தது இரவு என்று கணக்கு வைத்திருக்கிறாள்.

அன்றிரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். வரவில்லை. அடுத்த நாளும் நின்றேன். எட்டேகாலுக்கு முனையில் சத்தம் கேட்டது. தள்ளுவண்டி, மேலே பெரிய கண்ணாடிக் குடுவை, உள்ளே பஞ்சு மாதிரி சோன்பப்டி, பக்கத்தில் ஒரு பல்பு. தள்ளிக்கொண்டு வந்தவர் நாலு அடிக்கு ஒரு தடவை கைமணியை ஆட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம், மாடியில், ஒரு சன்னல் திறந்திருந்தது. அவள் படுத்திருக்கும் அறை எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே மணியை அதே நேரத்தில் இரண்டு பேரும் கேட்டோம்.

இருபது ரூபாய்க்குக் காகிதத்தில் சுற்றி வாங்கினேன். நடந்ததைச் சொன்னதும் அவர் மணியை எனக்காக நிதானமாக ஆட்டினார், நான் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டேன். ரொறன்ரோவில் எங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்கு ஒரு சத்தமும் கிடையாது. பதிவைக் கணவருக்கு அனுப்பினேன். அங்கே அப்போது காலை. வேலைக்குப் போகும் வழியில் பேருந்தில் மூன்று தடவை கேட்டதாக எழுதியிருந்தார்.

வெளிச் சாப்பாடு இல்லத்துக்குள் கூடாது. அதனால் நேற்று வெறுங்கையோடுதான் போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து டிங்டிங்கைப் பார்த்தேன்" என்றேன். அவள் இதுவரை சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறாள், வண்டியைப் பார்த்ததில்லை. வண்டியில் விளக்கு எரியும், பெரிய கண்ணாடி இருக்கும் என்று சொல்லச் சொல்ல, என் முழங்காலில் கை வைத்துக்கொண்டாள்.

"மணி பெருசா?"

"ஓம், பெரிசு."

"ஓம்னா?"

"ஓம்னா ஆமா."

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து, எவ்வளவு பெரிசு என்று காட்டச் சொல்லி விரித்தாள்.