ஹீஷம் பாறைக் கல்லறைகளும் பக்கத்தில் நிற்கும் சிற்றாலயமும்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், லங்காஷயரில், ஹீஷம் என்று ஒரு சின்ன ஊர். பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது அணுமின் நிலையமும் மேன் தீவுக்குக் கப்பல் போகிற துறைமுகமும்தான். அடுத்து, பாறையில் ஆள் அளவுக்குக் குடைந்து, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிற ஆறு கல்லறைகளின் படம் வரும். ஒரு பிரபல ராக் இசைக்குழுவின் தொகுப்பு ஆல்பத்துக்கு அட்டைப்படமாகப் போனதால் அந்தப் படத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. நானும் அதைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பக்கத்தில் இடிந்து நிற்கும் புனித பேட்ரிக் சிற்றாலயம். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

போவது எளிது. லங்காஸ்டரிலிருந்து மோர்கம் வரை ரயில், அங்கிருந்து பஸ். கால் வலி இல்லையென்றால் மோர்கம் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே நடந்து வந்துவிடலாம், நான் அதைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் விரிகுடா, அதற்கு அப்பால் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள், வழி முழுக்கக் கூடவே வரும். கடல் வற்றியிருந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணல்தான். நடந்தே அக்கரை போய்விடலாம் போலத் தோன்றும், தயவுசெய்து இறங்கிவிடாதீர்கள். கடல் ஏறி வரும் வேகமும் புதைமணலும் ரொம்ப ஆபத்து. 2004 பிப்ரவரியில் இதே விரிகுடாவில் மட்டி பொறுக்க இறங்கிய சீனத் தொழிலாளர்கள் 20 பேருக்கு மேல் இருட்டில் ஏறிய தண்ணீரில் சிக்கி இறந்துபோனார்கள்.

ஊருக்குள் நுழைந்து, குறுகலான பழைய தெரு வழியாகப் புனித பேதுரு ஆலயத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் சிற்றாலயம் வந்துவிடும். கடலுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் மணற்கல் மேடு அது. பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். கட்டடம் மொத்தமே நீளம் எட்டு மீட்டர் போல இருக்கும், அகலம் மூன்று மீட்டர்கூட இல்லை. தெற்குச் சுவர் ஓரளவு முழுதாகவும் மற்ற பக்கங்கள் துண்டு துண்டாகவும் மிஞ்சியிருக்கின்றன. எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டியது என்கிறார்கள். அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் கப்பல் உடைந்து இங்கே கரை ஒதுங்கி இந்த ஆலயத்தை நிறுவினார் என்பது ஊர்க் கதை. அவர் வாழ்ந்தது ஐந்தாம் நூற்றாண்டு, காலக் கணக்கு ஒத்துவரவில்லை. இருந்தாலும் ஐரிஷ் கடலைப் பார்த்த இந்த மேட்டில் நின்றால் அப்படி ஒரு கதை ஏன் பிறந்தது என்பது நன்றாகவே புரிகிறது.

தெற்குச் சுவரில் உள்ள வாசலைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மேலே வளைவாக இருப்பது பல கற்களை அடுக்கிக் கட்டிய வளைவு இல்லை, ஒரே கல்லில் வெட்டி எடுத்தது. அதன் வெளிப்பக்கத்தில் வளைவை ஒட்டியே ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடு இழைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக உப்புக்காற்று அடித்தும் அந்தக் கோடுகளை இன்னும் விரலால் தொடர முடிகிறது. இவ்வளவு சின்ன கட்டடத்துக்கு, பத்துப் பேர் நின்றாலே நெருக்கமாகிவிடுகிற இடத்துக்கு, ஒருவர் உட்கார்ந்து இந்த அலங்காரத்தைச் செய்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அப்புறம் கல்லறைகள். மேற்கே வரிசையாக ஆறு, தென்கிழக்கில் தனியாக இரண்டு. சிலவற்றில் தலைக்கும் தோளுக்கும் இடம்விட்டு உடம்பின் வடிவத்திலேயே குடைந்திருக்கிறார்கள், சிலது நேர்க்கோட்டுப் பெட்டி வடிவம். தலைமாட்டில் சதுரமாக ஒரு குழி இருக்கிறது, சிலுவை நட்டிருப்பார்கள் போலும். கெட்டிப் பாறையை இப்படிக் குடைய ஆள்பலமும் காசும் வேண்டும், ஆகவே உள்ளே இருந்தவர்கள் சாதாரண ஆட்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. இப்போது எல்லாம் காலி.

ஆனால் 1977, 78இல் இங்கே அகழாய்வு செய்தபோது சிற்றாலயத்தைச் சுற்றியுள்ள புல்தரைக்கு அடியில் சுமார் 80 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் அதில் உண்டு. ஒரு பெண்ணைத் துணியில் சுற்றி, கூடவே எலும்பில் செய்த சீப்பு ஒன்றை வைத்துப் புதைத்திருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டுச் சீப்பு, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியே வந்த வைக்கிங் மக்களின் பாணி கலந்த வேலைப்பாடு. அந்தச் சீப்பு எனக்கு அந்த ஆறு கல்லறைகளையும்விட நெருக்கமாக இருக்கிறது. அவள் தலை வாரிய சீப்பு அவளோடேயே போகட்டும் என்று வீட்டில் யாரோ நினைத்திருக்கிறார்கள் இல்லையா? வருகிறவர்கள் எல்லாரும் கேமராவோடு பாறைப் பக்கம் ஓடுகிறோம், காலடியில் இருந்த இந்த ஊர் சனங்களைப் பற்றி நினைப்பதில்லை.

நான் போன அன்று சிலர் பாறைக் குழிக்குள் இறங்கிப் படுத்து, கைகளை மார்பில் மடித்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. மணற்கல் மென்மையானது, ஷூ பட்டால் விளிம்பு தேயும். அது போக, அது ஒருவரைக் கிடத்திய இடம். வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது, பழைய இடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் பராமரிப்பில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. அப்படியே இருக்க வேண்டுமானால் நாம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

நேரம் இருந்தால் கீழே புனித பேதுரு ஆலயத்துக்குள்ளும் போய்விட்டு வாருங்கள், திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. உள்ளே வைக்கிங் காலத்துக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. வளைந்த கூரை போட்ட நீள வீட்டின் வடிவம், இரண்டு முனையிலும் கல்லைக் கவ்விப் பிடித்தபடி ஒரு மிருகம், பக்கவாட்டில் மனிதர்களும் விலங்குகளும். நெடுங்காலம் வெளியே மழையில் கிடந்ததை 1961இல் உள்ளே கொண்டுவந்தார்கள். ஆலய வளாகத்திலேயே, இடைக்காலத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த சாக்சன் மக்கள் காலத்துப் பழைய வாசல் ஒன்றையும் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேலே சிற்றாலயத்தின் வாசலைப் பார்த்த கண்ணோடு இதையும் பாருங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பு.